படத்துப் பாலம்

எங்கள் பக்கத்தில் "படம்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று சினிமா. மற்றது அரசாங்கக் கந்தோர்க்காரர் காகிதத்தில் பாலம், றோட்டு என்று கீறிக்கொண்டு வருவது. முதலாவது படம் இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இரண்டாவது முடியவே முடியாது.

உப்பாற்றுக்குப் பாலம் போட எத்தனை படம் கீறினார்கள் என்பதைக் கடவுள்தான் அறிவார். ஜீப்பில் வருவார்கள். ஜீப்பின் மூக்கில் படத்தை விரிப்பார்கள். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். நீல மையில் பாலம் நன்றாகத்தான் இருக்கும், தண்ணீர் கூடக் கீறியிருப்பார்கள். "படம் சரி. இனிப் படத்தின்படி பாலம் வரும்" என்று சொல்லி, சோடா குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருசம் வேறொருவர் வேறொரு படத்தோடு வருவார்.

சிலாவத்துறைக்கும் கொண்டச்சிக்கும் நடுவில் கடலிலிருந்து உள்ளே வருகிற கழிதான் அந்த உப்பாறு. இக்கரையில் நாங்கள், வேதக்காரர். மாதா கோயிலும் நான் இங்கிலீஷ் படிப்பிக்கிற பள்ளிக்கூடமும் எங்கள் பக்கம். அக்கரையில் முஸ்லிம் சனம், சண்டை முடிந்தபின் திரும்பி வந்து குடியேறியவர்கள். அக்கரையில் மீன் பொரித்தால் இக்கரைக்கு வாசம் வரும். ஆள் வரவேண்டுமென்றால் வள்ளம் வேண்டும், இல்லையென்றால் காட்டுப்பாதையால் சுற்ற வேண்டும். அந்தப் பாதையின் இரு பக்கமும் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. கண்ணிவெடி எடுத்து முடியவில்லை.

உம்மு ஸல்மாவின் வீடு அக்கரையில், தண்ணீர் ஓரமாக இருந்தது. வீடென்று மரியாதைக்குச் சொல்கிறேன், தகரக் கொட்டில்தான். அவளும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். வாயாடி. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்று வாத்தியார் சொன்னால், "நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ சேர்?" என்று கேட்பாள். அப்போது உப்பாறு ஒடுக்கம். கடக்கக் குறுக்கே இரண்டு பனங்குற்றி போட்டிருந்தார்கள். அவள் அதில் ஓடியே வருவாள், நான் தவழ்ந்து போவேன். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது அவளுக்குப் பதினைந்து வயது. ஒரு பையோடு போனாள். புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, இருபது வருசத்துக்கு மேலான பிறகு வந்து இறங்கினாள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, முருங்கை நட்டாள். அதற்குள் வெள்ளம் கரையைத் தின்று உப்பாற்றை அகலமாக்கிவிட்டிருந்தது. பனங்குற்றி போன இடம் தெரியவில்லை.

அவர்கள் வந்து இறங்கிய அடுத்த தை மாதம், மாரி ஓயுமுன், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த வள்ளம் நடு ஆற்றில் புரண்டது. எங்கள் ஆட்கள் பாய்ந்து எல்லாரையும் தூக்கிவிட்டார்கள், புத்தகங்கள்தான் போயின. ஆனால் தூக்கப்பட்டவர்களில் உம்மு ஸல்மாவின் மகள் ஸுஹறாவும் ஒருத்தி. அவள் வாப்பா ஜுனைதீன் நல்ல மனிதர், லொறி ஓடுகிறவர், குரல் உயர்த்திப் பேசமாட்டார். உயர்த்தாமலே சொன்னார்: "அடுத்த வருசம் ஜனவரியில பள்ளிக்கூடம் துவங்கேக்க பிள்ளையள் காலால நடந்து போக வழி இருக்க வேணும். இல்லாட்டி புத்தளத்துக்குத் திரும்புறம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. வாயாடி உம்மு ஸல்மாவும் அதை ஒப்புக்கொண்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "அஞ்சலா, ஒருக்காப் போய்த் திரும்பி வந்திட்டன். இன்னொருக்காப் போனா வரமாட்டன். எனக்கு அவ்வளவு சத்து இல்ல."

ஆவணி விடுமுறையில் நான் ஆசிரியர் பயிற்சி என்று மன்னார் ரவுனுக்குப் போயிருந்தேன். அந்த இடைவெளியில்தான் லொறிகள் வந்தன. மரம், இரும்புக் குழாய், கிறேன், ஜெனரேற்றர், ஒரு பட்டாளம் ஆட்கள். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் செல்வநாயகம் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய், கொழும்பிலிருந்து வந்த மனேஜரை விசாரித்திருக்கிறார்.

"தம்பி, என்ன வேலை நடக்குது?"

"படத்துக்குப் பாலம் கட்டுறோம் ஐயா."

"படத்தின்படியோ?"

"ஆமா ஆமா, படத்துல எப்படி வரணுமோ அப்படியே."

பிறகென்ன! செல்வநாயகம் அண்ணை ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார். அக்கரையில் பள்ளிவாசலில் துஆ ஓதினார்கள். எத்தனையோ வருசமாகப் படத்திலிருந்த பாலம் இறங்கி வந்துவிட்டது என்று இரு கரையும் நம்பியது. ஆண்கள் கூலி வாங்காமல் மரம் சுமந்தார்கள். "சிரமதானம்" என்று சொல்லி மனேஜர் நீட்டிய காசைத் தட்டிவிட்டார்கள். அந்த மனிதர் இப்படி ஒரு ஊரை வாழ்க்கையில் கண்டிருக்கமாட்டார். பெண்கள் வேலையாட்களுக்கு மீன்குழம்பும் புட்டும் கொண்டுபோனார்கள். ஜுனைதீன் தன் லொறியில் சீமெந்தும் கல்லும் கொண்டுவந்து, தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்.

நான் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தபோது பாலம் முடிந்திருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அதை மறைக்க மாட்டேன். கரையிலிருந்து கரைக்கு ஒரே வளைவு. மேலே ஓடு வேய்ந்ததுபோல மரச் சில்லுக் கூரை. இரு முனையிலும் கற்கோபுரம், கோபுரத்தில் சிறகு விரித்த நாரைகள். தூண்களில் நூறு வருசப் பாசி. பின்னேர வெயில் கூரையின் இடுக்கால் விழுந்து பலகையில் கோடு போட்டது. இவ்வளவு வடிவான ஒன்று எங்கள் உப்பாற்றுக்கு மேல் வரும் என்று எந்தக் கந்தோரின் படத்திலும் இருந்ததில்லை.

கோபுரத்தில் சாய்ந்தேன். கல்லுக்குள் என் முழங்கை போய்விட்டது. டிவிப் பெட்டிக்குள் வைத்து வருமே, அந்த வெள்ளை றிஜிபோம். பாசியைச் சுரண்டினேன், நகத்தில் பச்சைப் பெயின்ற் ஒட்டியது. விசாரிக்க யாராவது அகப்படுவார்களா என்று தேடினேன்.

அதற்குள் திறப்புவிழா தொடங்கிவிட்டது. இரு கரைச் சனமும் நல்ல உடுப்போடு வந்துவிட்டன. பால்சோறு, வட்டிலப்பம், வெடிகூட வைத்திருந்தார்கள். செல்வநாயகம் அண்ணை சிவப்பு ரிப்பன் கட்டி, தட்டில் கத்தரிக்கோலோடு வந்து, தொப்பி போட்ட ஒரு நெட்டை வெள்ளைக்காரரிடம் நீட்டினார். அவர்தான் டைரக்டர் ஹென்றிக். அவர் இதை நம் நாட்டு வரவேற்பு முறை என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக ரிப்பனை வெட்டினார். சனம் கை தட்டியது. ஜுனைதீன் ஸுஹறாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்.

நான் இங்கிலீஷில் விசாரித்தேன். ஹென்றிக் சந்தோசமாகச் சொன்னார். ஏழு பாகமாக வந்த மந்திரக் கதையொன்றைப் படமாக எடுக்கிறார்கள். பானைபோல் பருத்த பெருக்கமரமும் வெறும் கடற்கரையும் பார்த்து இங்கே வந்தார்கள். "கடைசி நாள் இந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்போம். ஊர் முழுக்க வந்து பாருங்கள், அருமையாக இருக்கும்!"

இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பால்சோறு வாயில் இருந்தவர்கள் விழுங்க மறந்தார்கள். செல்வநாயகம் அண்ணை கத்தரிக்கோலைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார்.

"அப்ப... படம் எண்டது சினிமாப் படமோ?"

ஒருவர் சிரித்தார், அது பரவவில்லை. எங்கள் பகுதியில் பாலம் தகர்ப்பது என்பது வேடிக்கை பார்க்கிற விசயம் இல்லை. ஜுனைதீன் மகளை இறக்கிவிட்டு, புதுப் பாலத்தின் மேலாலேயே நடந்து அக்கரைக்குப் போனார். போய்த் தன் அத்திவாரத்தின் மேல் குந்தினார். உம்மு ஸல்மா இங்கிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரில் என்றுதான் தெரியவில்லை. மனேஜர் பொய் சொல்லவில்லை, செல்வநாயகம் அண்ணை பிழையாகக் கேட்கவுமில்லை. ஒரு சொல் இரு தோணியில் கால் வைத்துவிட்டது.

விடுமுறை மிச்ச நாளுக்கு என்னையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு நன்மை, ஹென்றிக்கிடமிருந்து அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். நல்ல கதைதான், பொய் சொல்லக்கூடாது. ஒரு பெண் தன் சனத்தைக் காப்பாற்ற ஊரைவிட்டுப் போகிறாள், இனித் திரும்பவே முடியாது. பாலம் எங்கே வருகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். வரவில்லை. ஆற்றங்கரையில் அவள் சீழ்க்கையடிக்க, நாரைகள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகின்றன. ஹென்றிக்கைக் கேட்டேன்.

"நாரை தூக்குவதை வாசிக்க நன்றாக இருக்கும், திரையில் சிரிப்பு வரும்" என்றார். "பிரிவு சொல்ல ஓர் இடம் வேண்டும். ஆகையால் பாலத்தை நானே உண்டாக்கினேன். எழுதியவருக்கும் பிடித்துப்போயிற்று."

சொல்லும்போது அவர் முகம் பிள்ளை பெற்றவள் முகம் போல இருந்தது. அந்த ஆளை வெறுக்க எனக்கு முடியவில்லை. புத்தகத்தில் இல்லாததை மனதில் கண்டு, அதைக் கண்ணுக்கு முன்னால் நிற்கவும் வைத்திருக்கிறார். மேலே எல்லாம் பொய்தான், ஆனால் அடி பொய்யில்லை. குதிரைப்படை ஓட வேண்டுமென்பதால் இரும்புக் குழாயைச் சேற்றுக்குள் ஆழ இறக்கி, தடித்த மரம் போட்டிருந்தார்கள். கழுதையைத் தவிர வேறொன்றும் கண்டிராத எங்கள் சனம் முன்னால் கொழும்பிலிருந்து வந்த குதிரைகள் தடதடவென்று ஓடின. பாலம் அசையவில்லை.

உம்மு ஸல்மாவிடம் போய் நாரைக் கதையைச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது.

"புத்தகத்தில பாலமே இல்லையோ?"

"இல்ல."

"அந்த மனுசன் தன்ர தலைக்குள்ள இருந்து எடுத்ததோ?"

"ஓம்."

"அப்ப வா. சொல்லுக்குச் சொல் சொல்ல வேணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். பாலத்தில் வெடிக்காரர்கள் தூணுக்குத் தூண் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தகர்ப்பு. ஹென்றிக் படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் நின்றாள்.

"ஏன் உடைக்கிறீங்கள் எண்டு கேள்."

கேட்டேன். "அந்தப் பெண் திரும்பி வர முடியாது என்பது பார்க்கிறவர்களுக்கு விளங்க வேண்டும்" என்றார் ஹென்றிக்.

"நான் இந்த இடத்தாலதான் போனனான்" என்றாள் உம்மு ஸல்மா. "இதே துறையால. அண்டைக்கு இதில ரெண்டு பனங்குற்றி கிடந்தது. எனக்குப் பின்னால ஒருத்தரும் அதை உடைக்கயில்ல. அது கிடந்தபடி கிடந்தது. நான்தான் இருபது வருசமா வர ஏலாம இருந்தனான். பாலம் உடைஞ்சா ஆள் வராது எண்டு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பாலம் நிக்க, ஆள் வர ஏலாது. அதுதான் கொடுமை. அதை அவருக்குச் சொல்லு."

சொன்னேன். ஹென்றிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இப்ப நான் வந்திட்டன்" என்றாள் அவள். "என்ர பிள்ளையள் பள்ளிக்கூடம் போக வழியில்லாட்டி என்ர மனுசன் எங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிடுவார். அவரில பிழையில்ல. இந்த டைரக்டற்ற கதையில வாற பிள்ளை இல்லாத பிள்ளை. அந்தப் பிள்ளை போறதுக்கு, இல்லாத பாலத்தை உண்டாக்கினார். வடிவான பாலம். நான் பாத்து அழுதனான். நாங்கள் இருக்கிற ஆக்கள். இல்லாத பாலத்தை இருக்கப் பண்ணத் தெரிஞ்ச மனுசனுக்கு, இருக்கிற பாலத்தை இல்லாத மாதிரிக் காட்டத் தெரியாதோ எண்டு கேள்."

கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அப்படியே சொன்னேன். நான் எத்தனை வருசம் இங்கிலீஷ் படிப்பித்தாலும் அன்றைக்குத்தான் அந்தப் பாசையால் எனக்கொரு பிரயோசனம் கிடைத்தது.

மனேஜர் குறுக்கே வந்தார். ஒப்பந்தம், அனுமதி, இடத்தை வெறுமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னார். ஹென்றிக் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். எழுந்து பாலத்தின் நடுவுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெடிக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். உம்மு ஸல்மா என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. வாயாடிதான், ஆனால் பயமில்லாதவள் இல்லை. பயத்தோடு பேசினாள், அதனால்தான் அவளை நினைக்க எனக்கு இப்பவும் நெஞ்சு நிமிர்கிறது.

ஹென்றிக் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்டார். ஊரைவிட்டுப் போன அன்று அவள் எப்படித் திரும்பிப் பார்த்தாள் என்று ஒருமுறை செய்துகாட்ட முடியுமா? நடிகைக்கு உதவியாக இருக்கும்.

உம்மு ஸல்மா தலையை ஆட்டினாள். "அது படத்துக்கு இல்ல" என்றாள்.

நான் மொழிபெயர்க்க முன்பே அவருக்கு அது விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். பிறகு வெடிக்காரர் பக்கம் திரும்பி, வயர்களைக் கழற்றச் சொன்னார். தகர்ப்பதைக் கம்பியூட்டரில் பார்த்துக்கொள்ளலாம், அது தன் தலைவலி என்றார். மனேஜருக்கு முகம் சுண்டிவிட்டது. நான் கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டேன். உம்மு ஸல்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, நேரே நடந்து போய் அத்திவாரத்தில் இருந்த புருசனிடம், "எழும்புங்கோ, கல் அடுக்குற வேலையப் பாருங்கோ" என்றாளாம்.

கோபுரம் செய்த ஆட்கள் போகுமுன் இன்னும் சில நாள் நின்றார்கள். றிஜிபோம் கல்லையெல்லாம் உரித்து எடுத்தார்கள். பிள்ளைகள் விழாதபடி இரு பக்கமும் கைபிடி போட்டார்கள். இந்த முறை மரம் சுமந்தவர்களுக்கு எதைச் சுமக்கிறோம் என்று தெரியும். நாரைகளை மட்டும் விட்டுவிடச் சொல்லி செல்வநாயகம் அண்ணை கேட்டார். இரண்டு நாரைகளையும் கூரையில் ஏற்றி ஆணியடித்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரியில் மழை விடாமல் பெய்தது. உப்பாறு கலங்கிச் சுழித்து ஓடியது. பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று காலை நான் வகுப்பு வாசலில் நின்றேன். பலகையில் சின்னச் சப்பாத்துகளின் சத்தம் முதலில் வந்தது, பிறகு பிள்ளைகள் வந்தார்கள். ஸுஹறாவின் வெள்ளைச் சட்டையில் ஒரு துளி ஈரமில்லை. பின்னால் ஜுனைதீன் குடையோடு நடந்து வந்து, பாலத்தின் நடுவில் நின்று, பலகையைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

படம் வர இரண்டு வருசம் சென்றது. ஹென்றிக் மறக்காமல் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தின் யன்னல்களுக்குப் போர்வை கட்டி, வெள்ளைச் சீலையில் காட்டினோம். இரு கரையும் வந்திருந்தது. கதை பாதிப் பேருக்கு விளங்கவில்லை. ஆனால் பாலம் வந்ததும் மண்டபம் அதிர்ந்தது. "அந்தா நான் தூக்கின மரம்!" "என்ர வள்ளம் மூலையில தெரியுது!" எங்கள் உப்பாற்றுக்கு மேல் அது பொன்னாக நின்றது. அந்தப் பெண் நடந்து போனாள். முடிவில் நின்று திரும்பிப் பார்த்தாள். அழவில்லை, கையசைக்கவில்லை, சும்மா பார்த்தாள். "இப்பிடித்தான்" என்றாள் பக்கத்தில் இருந்த உம்மு ஸல்மா, எனக்கு மட்டும் கேட்க.

அடுத்த நொடி பாலம் வெடித்தது. கூரை பறந்தது. தூண்கள் ஒவ்வொன்றாக முறிந்து ஆற்றில் விழுந்தன. நெருப்பு தண்ணீரில் ஓடியது. மண்டபத்தில் "ஐயோ!" என்று ஒரே குரல். செல்வநாயகம் அண்ணை, எல்லாம் தெரிந்த மனிதர், சாரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். வேறு சிலரும் பின்னால் ஓடினார்கள். ஸுஹறா விம்மிக்கொண்டு தாயின் மடியில் விழுந்தாள்.

"உம்மா, எங்கட பாலம்! எங்கட பாலம் போச்சு!"

உம்மு ஸல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வாசல் போர்வையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாள். வெயில் உள்ளே விழுந்தது. வெளியே, உப்பாற்றுக்கு மேலே, வெளிறிய கூரையும் அதில் இரண்டு நாரையும் தெரிந்தன. கைபிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு செல்வநாயகம் அண்ணை நின்றார்.

"அழாத மகள், அது படம்" என்றாள். "முந்தி எங்கட பாலம் படத்தில மட்டும்தான் இருந்தது. இப்ப படத்தில மட்டும்தான் இல்ல. எழும்பு, வீட்ட போவம்."